ஐந்து பேர், நான்கு இரவு, ஒரு பூங்கா நாள்: கல்லடிக் குடும்பமொன்றின் சிங்கப்பூர்க் கணக்கு

என் தங்கச்சி மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறாள், ஆசிரியை. மச்சான் அரச அலுவலகமொன்றில் வேலை பார்க்கிறார். மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு ஏழு வயது, நடுவில் மகள், கடைசி இன்னும் மடியை விட்டு இறங்காத பையன். 2025 ஓகஸ்ட்டில் இவர்கள் ஐந்து பேரும் சிங்கப்பூர் போய் நான்கு இரவு தங்கி, ஒரு நாளை யுனிவர்சல் ஸ்டுடியோஸ் தீம் பார்க்கில் கழித்துவிட்டு வந்தார்கள். மொத்தச் செலவு 891,000 ரூபாய். இதில் ஒரு சதமும் கடன் இல்லை, ஒரு நகையும் அடகுக்குப் போகவில்லை.

கணக்குப் பார்ப்பதுதான் என் தொழில். போகுமுன் மதிப்பீட்டைத் திருத்தியதும், வந்தபின் பில்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கூட்டியதும் நான்தான். சின்னப் பிள்ளைகளோடு இப்படிப் போய்வர எவ்வளவு வேண்டும் என்ற கேள்வியோடு ஊரில் இப்போது பலர் வருகிறார்கள். அதனால் அவர்களின் சம்மதத்தோடு முழுக் கணக்கையும் எழுதுகிறேன்.

முதல் மதிப்பீடு 2024 ஜனவரியில் ஒரு சீ.ஆர். கொப்பியின் நடுப்பக்கத்தில் எழுதப்பட்டது. எழுதியவர் மச்சான். 2025 டிசம்பர் விடுமுறைக்குப் போவது, பூங்கா இருக்கும் செந்தோசாத் தீவிலேயே தங்குவது, பூங்காவுக்கு இரண்டு நாள் போவது என்பது திட்டம். விமான டிக்கெட், ஹோட்டல், பூங்கா டிக்கெட், சாப்பாடு, 'உள்ளூர்ப் போக்குவரத்து 20,000', 'மற்றவை 25,000' எல்லாம் சேர்த்து 650,000. "அண்ணன், இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று தங்கச்சி கொப்பியைக் கொண்டுவந்தாள். அதே திட்டத்தை அதே டிசம்பருக்கு நான் திரும்பப் போட்டபோது 1,310,000 வந்தது. ஏறத்தாழ இரண்டு மடங்கு. மச்சான் கூட்டலில் பிழைவிடவில்லை. ஹோட்டலுக்கும் விமானத்துக்கும் இணையத்தில் கண்ட ஆகக் குறைந்த விலையைப் போட்டிருந்தார். அந்த விலை டிசம்பரில் இருக்காது. இன்னும் இரண்டு விஷயங்கள் அந்தப் பக்கத்தில் எழுதப்படவே இல்லை. ஒன்று பிள்ளைகளின் பிறந்த தேதி. மற்றது கல்லடியிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் வரையுள்ள தூரம்.

பிறந்த தேதியும் உயரமும்

சின்னப் பிள்ளைகளோடு போகும் குடும்பம் முதலில் எடுத்து வைக்கவேண்டியது பிறப்புச் சான்றிதழ்களும் ஒரு அளவு நாடாவும்தான். மற்ற எல்லா இலக்கமும் அதற்குப் பிறகே.

விமானத்தில் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை மடியில் இருந்து போகலாம். பல நிறுவனங்களில் அதற்குப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் எடுப்பார்கள். இரண்டு வயது நிரம்பிய நாளிலிருந்து தனி இருக்கை வாங்கவேண்டும். போகும்போது இரண்டு நிரம்பாமல், திரும்பி வருவதற்குள் நிரம்பினால், திரும்பும் பயணத்துக்கு இருக்கை வேண்டும். கடைசிப் பையன் பிறந்தது 2023 ஒக்டோபர். டிசம்பரில் போனால் அவனுக்கு இருக்கை, ஓகஸ்ட்டில் போனால் மடி.

சிங்கப்பூர்ப் பூங்காவில் நான்கு வயது நிரம்பாத பிள்ளைக்கு டிக்கெட் இல்லை, நான்கிலிருந்து பன்னிரண்டு வரை சிறுவர் டிக்கெட். மகள் பிறந்தது 2021 நவம்பர். ஓகஸ்ட்டில் மூன்றே முக்கால் வயது, டிக்கெட் தேவையில்லை. டிசம்பரில் நான்கு தாண்டிவிடும். இந்த எல்லை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஹாங்காங் டிஸ்னிலாந்தில் மூன்று வயதுக்குக் கீழ்தான் இலவசம். இந்தியாவின் வொண்டர்லா பூங்காக்களில் வயதே கேட்பதில்லை, உயரம்தான்: 85 சென்ரிமீற்றருக்குக் கீழ் இலவசம், 140 வரை சிறுவர் டிக்கெட். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து இந்தியப் பூங்காவுக்குப் போகும் யோசனையும் ஒரு கட்டத்தில் இருந்தது. அதற்கு ஐந்து பேருக்கும் விசா எடுக்கவேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டோடு சுற்றுலாவாகச் சிங்கப்பூர் போக முப்பது நாள் வரை விசா தேவையில்லை என்பதே முடிவைத் தீர்த்தது.

நுழைவு டிக்கெட்டுக்கு வயது. உள்ளே போனபின் எந்தச் சவாரியில் ஏறலாம் என்பதற்கு உயரம். இதைத் தெரியாமல் போய், வாசல் பலகையின் முன்னால் பிள்ளை அழுவதைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைச் சாமியறைக் கதவு நிலையோடு நிறுத்தி அளந்தோம். மூத்தவன் குதிகாலை மெல்லத் தூக்கினான். அம்மம்மா பார்த்துவிட்டு, "காலக் கீழ வை மனே" என்றார். தலைக்கு மேல் ஒரு கொப்பியைப் படுக்கையாகப் பிடித்து, பென்சிலால் கோடு போட்டேன். 118. மகள் 98.

சிங்கப்பூர்ப் பூங்காவின் உயரப் பட்டியலை அவன் முன்னாலேயே வாசித்தேன். டிரான்ஸ்ஃபோர்மர்ஸ் 102, ஏறலாம். ஜுராசிக் பார்க் தண்ணீர்ச் சவாரி 107, பெரியவரோடு ஏறலாம். மம்மி 122. அவன் யூடியூபில் நூறு தடவை பார்த்து வைத்திருந்த, இரட்டைத் தண்டவாளத்தில் ஓடும் பெரிய ரோலர் கோஸ்டர் 125. அவன் ஒன்றும் பேசாமல் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "ஏழு சென்ரிமீற்றர்தானே மாமா, அதுக்குள்ள வளந்திருவன்" என்றான். ஒரு வருடத்தில் அவன் வளரக்கூடியது ஐந்து, ஆறு. பயணத்துக்கு இருந்ததோ நான்கு மாதம். அதை அவனுக்கு அன்றே சொன்னோம். வீட்டில் அன்று கொஞ்சம் அழுதான். பூங்காவில் அழவில்லை.

இந்த இடத்தில் எனக்கும் தங்கச்சிக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. மூத்தவன் 125ஐத் தாண்டும் வரை ஒன்றரை வருடம் பொறுக்கலாம் என்பது என் யோசனை. கடைசிப் பிள்ளைக்கு இந்தப் பயணம் நினைவில் இருக்கப்போவதும் இல்லை. அவள் கணக்கோடு பதில் சொன்னாள். பொறுத்தால் கடைசிக்குத் தனி இருக்கை: மேலதிகம் 64,000. மகளுக்குச் சிறுவர் டிக்கெட்: ஏறத்தாழ 15,000. இரண்டு சவாரிக்காக 79,000 அதிகம். "நினைவில இருக்கிறது எனக்கு அண்ணன், அது காணாதா?" என்றாள். அதற்குமேல் நான் பேசவில்லை. இப்போது யோசித்தாலும் அவள் சொன்னதுதான் சரி என்று படுகிறது.

டிசம்பரைத் தள்ளியதற்கு வேறு காரணங்களும் உண்டு. வடகீழ்ப் பருவமழை பிடித்து, மகாவலி பெருகி மன்னம்பிட்டியில் தண்ணீர் வீதிக்கு ஏறினால் கொழும்புப் பாதையே அடைபடும். விமானம் நமக்காகக் காத்திராது. சிங்கப்பூரிலும் அது மழைக்காலம், அங்குள்ள பள்ளிகளுக்கும் விடுமுறை, எனவே கூட்டமும் விலையும் உச்சத்தில். ஓகஸ்ட்டில் அங்கே பள்ளி நடக்கும். ஓகஸ்ட் 9 அவர்களுடைய தேசிய தினம், அதை மட்டும் தாண்டிவிட்டால் போதும். மாமாங்கக் கோயில் தீர்த்தம் முடிந்து, இங்கே இரண்டாம் தவணை முடிந்த கையோடு புறப்படுவது என்று முடிவானது.

வீட்டுப் படலையிலிருந்து

கொழும்பிலோ நீர்கொழும்பிலோ இருப்பவர்கள் எழுதும் பயணக் கணக்குகள் கட்டுநாயக்கவில் தொடங்கும். நமக்கு அது படலையில் தொடங்குகிறது. மட்டக்களப்பிலிருந்து வீதியால் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். உதயதேவி ரயிலில் போகலாம் என்று மச்சான் சொன்னார். கொழும்புக் கோட்டையில் இறங்கி, மூன்று பிள்ளை, ஐந்து பை, ஒரு தள்ளுவண்டியோடு கட்டுநாயக்க பஸ்ஸைத் தேடுவதை அவரே ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். தெரிந்த பையனின் வானைப் பேசினோம்: போகவும் வரவும் 92,000. விடியற்காலையில் ஓடிப் போய் விமானம் ஏறுவது ஆபத்து என்பதால் முதல் நாளே போய் நீர்கொழும்பில் ஓர் அறை, 14,000. வழிச் சாப்பாடு 9,000. ஆக 115,000.

பூங்கா டிக்கெட்டைப் பாருங்கள். பெரியவருக்கு எண்பது சிங்கப்பூர் வெள்ளிக்குச் சற்று மேல், சிறுவருக்கு அறுபதுக்குச் சற்று மேல். இரண்டு பெரியவர், ஒரு சிறுவன், மற்ற இருவரும் இலவசம். ஏறத்தாழ 230 வெள்ளி. வெள்ளிக்கு 235 ரூபாய்ப்படி 54,000. விமான நிலைய வாசலுக்குப் போய்வரும் செலவு, பூங்கா வாசலைத் தாண்டும் செலவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். மச்சானின் கொப்பியில் அதற்கு இருந்தது 20,000. கிழக்கிலிருந்து போகும் எந்தக் குடும்பமும் இந்த வரியை முதலில் எழுதவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

திருத்திய மதிப்பீடு இப்படி அமைந்தது. விமானம் இரண்டு பெரியவர், இரண்டு சிறுவர், ஒரு மடிப்பிள்ளை, 358,000. லிட்டில் இந்தியாவில் குடும்ப அறை நான்கு இரவு 600 வெள்ளி, 141,000. செந்தோசாவில் தங்குவது இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். சாப்பாடு 300 வெள்ளி, 70,500. அங்குள்ள போக்குவரத்து 70 வெள்ளி, 16,500. பிள்ளைகள் மூவருக்கும் கடவுச்சீட்டு எடுக்கும் அலைச்சலோடு 30,000. சொந்தபந்தத்துக்குச் சாமான் 200 வெள்ளி, 47,000. பூங்காவையும் இலங்கைப் பயணத்தையும் சேர்த்தால் 832,000. கைக்காவலாக 40,000 வைத்து, 872,000.

காசு வந்த வழியைச் சொல்லவேண்டும். 2024 ஜனவரியில் தங்கச்சி சேர்ந்தது இருபது பேர் சீட்டு, மாதம் 25,000. ஏப்ரலில் விமான டிக்கெட் வாங்கவேண்டும் என்பதால் பதினாறாவது சீட்டைத் தனக்கென்று முதலே கேட்டு வைத்தாள். 2025 ஏப்ரலில் ஐந்து லட்சம் கைக்கு வந்தது. மச்சான் மாதம் 15,000 வீதம் தனிக் கணக்கில் போட்டு மூன்று லட்சம் சேர்த்தார். மிச்சத்துக்கு வங்கியில் இருந்த சிறு வைப்பு. நடுவில் ஒருமுறை, இன்னும் வசதியாகப் போகலாமே என்ற பேச்சு எழுந்தது. அம்மா தன் கையைக் காட்டி, "என்ட காப்பு சும்மாதானே கிடக்கு, வெச்சிட்டுப் போங்க மனே" என்றார். அன்பினால் சொன்னது. ஆனால் ஒரு விடுமுறைக்காக வைத்த நகையை மீட்கும்வரை மாதா மாதம் வட்டி ஓடும். பிள்ளைகளின் பள்ளிச் செலவிலிருந்துதான் அது போகும். நான் கண்டிப்பாக மறுத்தேன். காப்பு அம்மாவின் கையிலேயே இருக்கிறது.

நாணய மாற்றைப் பற்றி எங்கள் தலைமுறைக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200இலிருந்து 360க்குப் போனதைக் கண்டவர்கள் நாங்கள். அதனால் காசு கைக்கு வந்ததும் வெளிநாட்டு நாணயத்தில் கட்டவேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் கட்டி முடித்தோம். முதலில் விமானம், பிறகு அறை, பிறகு பூங்கா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூருக்குள் நுழையுமுன் நிரப்பும் வருகை அட்டை இலவசம். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்தில் நிரப்பலாம். என்னோடு வேலை செய்யும் ஒருவர் ஏதோ ஒரு இடைத்தரகர் தளத்தில் விழுந்து, குடும்பம் முழுவதற்கும் காசு கட்டிவிட்டார்.

பூங்கா நாள்

புதன்கிழமை போனார்கள். ரயிலில் ஹார்பர்ஃபிரண்ட் வரை போய், அங்கிருந்து செந்தோசாவுக்குக் கடலோர மரப்பாலத்தால் நடந்தார்கள். மோனோ ரயிலில் உள்ளே போக ஆளுக்கு நான்கு வெள்ளி, நடந்தால் ஒன்றும் இல்லை. திரும்பும்போது அதே மோனோ ரயில் இலவசம். காலையில் கால்களில் தெம்பு இருக்கும்போது நடந்து, மாலையில் களைத்தபின் ஏறி வருவது. இதைத் தங்கச்சி தானே கண்டுபிடித்து வைத்திருந்தாள். தள்ளுவண்டியை வீட்டிலிருந்தே கொண்டுபோனதால் பூங்காவில் வாடகைக்கு எடுக்க வேண்டி வரவில்லை.

வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள், குழந்தைக்கான உணவு விடுவார்கள். கடைசிக்குச் சமபோஷாச் சத்துமாவும் வெந்நீர்ப் போத்தலும் பையில் இருந்தன. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம் என்பதால் போத்தல்களை நிரப்பி நிரப்பிக் குடித்தார்கள்.

பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை எல்லாம் நன்றாகப் போனது. மகள் செசமி ஸ்ட்ரீட் சவாரியில் மூன்று தடவை ஏறினாள். மூத்தவன் டிரான்ஸ்ஃபோர்மர்ஸில் அப்பாவோடு போய்விட்டு வெளியே வந்து, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடி ஓடினான். ஒருவர் பிள்ளைகளோடு நிற்க மற்றவர் போய், பிறகு வரிசையில் புதிதாக நிற்காமல் மாறிக்கொள்ள அங்கே ஏற்பாடு இருக்கிறது. பணியாளரிடம் கேட்டால் சொல்வார்கள், கேட்கவேண்டும். ஜுராசிக் சவாரியில் இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை நான் வேண்டாம் என்றிருந்தேன். இந்த வயதில் பிள்ளைகள் ஏறும் சவாரிகள் சில, வார நாளில் அவற்றுக்கு அவ்வளவு வரிசையும் இல்லை.

ஒன்றரைக்குச் சின்னவர்கள் இருவரும் தூங்கிவிட்டார்கள். மகள் தள்ளுவண்டியில், பையன் தங்கச்சியின் தோளில். குளிரூட்டிய ஒரு மூலையில் மூன்று மணி வரை அவள் அசையாமல் இருந்தாள். எழுந்தபின் வோட்டர்வேர்ல்ட் காட்சி. நான்கரைக்கு மூத்தவனே, "போவமா அம்மா" என்றான்.

கூட்டிப் பார்த்தால் பூங்காவைப் பிள்ளைகள் அனுபவித்தது நான்கரை மணி நேரம். முதல் திட்டத்தில் இருந்த இரண்டாம் நாளுக்குக் கொடுத்திருந்தால் 54,000 வீணாகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த இரண்டாம் நாள் அவர்கள் போனது கார்டன்ஸ் பை த பே. அங்குள்ள சிறுவர் தோட்டத்தில் தண்ணீர் விளையாட்டு இலவசம். அன்று மதியத் தூக்கம்கூட இல்லாமல் மகள் விளையாடினாள். திரும்பி வரும் நாளில் சாங்கி விமான நிலைய ஜுவலில் 40 மீற்றர் உயரத்திலிருந்து விழும் உள்ளரங்க நீர்வீழ்ச்சி, அதுவும் இலவசம். வந்தபின் மகளிடம் எது நல்லது என்று கேட்டேன். "தண்ணி பீச்சினது" என்றாள். கடைசிப் பையனுக்கு ரயிலின் கதவு திறந்து மூடுவதுதான் பெரிய காட்சி.

கணக்கு எங்கே பிசகியது

சாப்பாட்டில் மிச்சம். 300 வெள்ளியில் 260தான் போனது. தேக்கா சந்தையில் தோசையும் பிரியாணியும் நம் நாக்குக்குப் பழக்கமானவை, அத்தகைய உணவங்காடிகளில் சேவைக் கட்டணம் போடுவதும் இல்லை. உணவகத்தில் உட்கார்ந்தால் பத்து வீதம் சேவைக் கட்டணம், அதன்மேல் ஒன்பது வீத வரி.

போக்குவரத்தில் 70 வெள்ளி 105 ஆனது. இதை நான்தான் குறைத்துப் போட்டேன். தூங்கும் பிள்ளைகளோடு ரயிலில் படியேறி இறங்க முடியாது என்பதை நான் யோசிக்கவில்லை. அங்கே 1.35 மீற்றருக்குக் குறைந்த பிள்ளையைச் செயலியில் அழைக்கும் தனியார் காரில் ஏற்றுவதானால் சிறுவர் இருக்கை கட்டாயம், டாக்சிக்கு மட்டும் விலக்கு. ஐந்து பேர் என்பதால் பெரிய டாக்சி தேடவேண்டி வந்தது. அறைக்கும் பூங்காவுக்கும் கார்டில் கட்டியபோது வங்கியின் மேலதிகங்கள் சேர்ந்து வெள்ளி ஒன்று 248 ரூபாயில் விழுந்தது. இரண்டிலுமாக 11,000 கூட. கார்டுச் செலவுக்கு ஐந்து, ஆறு வீதம் கூட்டிப் போட்டிருக்கவேண்டும், நான் போடவில்லை. வழிச் சாப்பாடு முதலியவற்றில் 6,000 கூட. பூங்காவில் மழைக்கோட்டும் ஒரு மினியன் பொம்மையும் 40 வெள்ளி.

மிகப் பெரிய பிசகு சாமான்தான். 200 வெள்ளி என்று போட்டது 340 ஆகி, ஏறத்தாழ 80,000 ரூபாய் ஆனது. கோடாலித் தைலம் மட்டும் இரண்டு டசின். தங்கச்சியின் பள்ளி ஆசிரியர்கள், மச்சானின் அலுவலகம், இரண்டு பக்கத்துச் சொந்தம், பக்கத்து வீடுகள். பூங்கா டிக்கெட்டுக்குப் போனதைவிட இதற்குப் போனது அதிகம். இதை வீண் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வெளிநாடு போய் வந்தவள் வெறுங்கையோடு ஒரு படலையைத் திறக்கமுடியாது, அந்த உறவுகள்தான் சீட்டுப் பிடித்தார்கள், வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பெயர்ப் பட்டியலைப் புறப்படுமுன்னே எழுதி, ஆளுக்கு எவ்வளவு என்று முடிவுசெய்திருக்கலாம். கடையில் நின்று ஒவ்வொரு பெயராக நினைவு வந்ததால்தான் இலக்கம் ஓடியது.

எல்லாம் கூட்டி 891,000. கைக்காவலையும் தின்று 19,000 மேல் போனது. அது மச்சானின் செப்டெம்பர்ச் சம்பளத்திலிருந்து அடைபட்டது, சீட்டின் கடைசித் தவணை ஓகஸ்ட்டிலேயே முடிந்திருந்தது.

போன மாதம் அங்கே போயிருந்தேன். கதவு நிலையில் பழைய கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு, 121 என்று மூத்தவனின் சொந்தக் கையெழுத்தில். தங்கச்சி அடுத்த சீட்டில் சேர்ந்துவிட்டாளாம், எங்கே போவது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. சீ.ஆர். கொப்பியைப் புரட்டிக் காட்டினாள். புதிய பக்கத்தில் மச்சான் ஒரு வரி மட்டும் எழுதி வைத்திருந்தார்: வான், போகவர, 100,000.